இரண்டு பொட்டலமும் சிவப்பு

எனக்குப் பொறாமை அதிகம். மறைத்துப் பிரயோசனமில்லை, எங்கள் ஊர் நூம்பலில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதிலும் என் ஓரகத்தி செங்கம்மா அக்கா மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சலில் ஓர் அண்டா வெந்நீர் போட்டிருக்கலாம்.

ஊரே அவளிடம்தான் யோசனை கேட்கும். நான் அஞ்சாங்கிளாஸ் படித்தவள் (அக்கா கைநாட்டு). என்னிடம் யோசனைகள் மூட்டை மூட்டையாக இருந்தன, கேட்கத்தான் நாதியில்லை. கேட்காமலே சொல்லிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கிணற்றடியில் பாதிக் குடத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

அக்காவோ யோசனையே சொல்லமாட்டாள். மாட்டை விற்கலாமா, மகளை அந்த இடத்தில் கொடுக்கலாமா என்று யாராவது வந்தால், எல்லா வீட்டிலும் செய்வதுபோல சாமி முன்னால் பூ கட்டிப் போடுவாள். ஓர் இலையில் சிவப்புப் பூ, ஓர் இலையில் வெள்ளை. சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. வந்தவள் ஒன்றை எடுத்துப் பிரிக்கப் போகும்போது அக்கா கையைப் பிடித்துக்கொள்வாள்.

"இரு. எந்தப் பூ வரணும்னு உன் மனசு அடிச்சிக்கினு கீது? அத்த சொல்லு."

வந்தவள் திகைத்து ஒரு நிறத்தைச் சொல்வாள். அப்புறம் எதற்குப் பிரிக்கிறாய், போய் அதையே செய் என்று அக்கா அனுப்பிவிடுவாள். மறுநாள் ஒரு முறம் கத்திரிக்காய் வரும். அதை நறுக்குவது நான். எரியாதா?

அப்போது உலகச் சண்டைக் காலம். பட்டாபிராமில் பட்டாளத்துச் சாமான் கிடங்குக்கு ஆள் எடுத்தார்கள். தெரிந்த மேஸ்திரி ஒருவர், அண்ணன் தம்பியில் யாராவது ஒருவர் வரட்டும் என்று சொல்லியனுப்பினார். என் வீட்டுக்காரர்தான் இளையவர், அவர் போவதாகப் பேச்சு. ஸ்டேஷன் பக்கத்தில் தனி வீடு. மாமியார் இல்லாத, அக்கா இல்லாத வீடு! மனசுக்குள் அங்கே குடிபோய் பாலே காய்ச்சிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து, "இன்னா தனம், போவலாமா வாணாமா? நீ சொல்லு" என்றார்.

போகலாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எதிரே அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளே! அவள் வித்தையை அவள் கண்ணெதிரே செய்துகாட்ட வேண்டாமா? உள்ளே போய்ப் பூ கட்டி எடுத்து வந்தேன். (சாமியை நம்பலாம், ஆனாலும் முன்ஜாக்கிரதையாக இரண்டிலும் செவ்வரளியே வைத்தேன்.) அவர் ஒன்றை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, எது வரணும்னு மனசு அடிச்சிக்குது என்று கேட்டேன்.

"அது தெரியாமத்தானே உன்ன கேக்கறேன்" என்றார்.

அக்காவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் கையை விட்டேன். பிரித்தார், சிவப்பு. நான் மூச்சு விடுவதற்குள், எதையும் ஒருமுறை சரிபார்க்கும் அந்த மனுஷன் மற்றதையும் பிரித்தார்.

மாமியார் ஆடித் தீர்த்துவிட்டார். சாமி பூவிலேயே திருட்டுத்தனமா, இந்தக் குத்தத்தோடு சின்னவன் அந்த வேலைக்குப் போகக்கூடாது, பெரியவன் போகட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் மெதுவாக, "எனக்கு எதுன்னாலும் சரிதான். உன் ஆச இன்னான்னுதான் கேட்டேன்" என்றார். மாமியார் திட்டியதே தேவலை.

இரண்டு நாள் கழித்து செங்கம்மா அக்கா என்னிடம் வந்தாள். இந்த வீட்டை விட்டுப் போக பயமாக இருக்கிறதாம். "நீ சொல்லு தனம், நான் போவட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பின்னால் பார்த்தேன். புடவைகளெல்லாம் மடித்து மூட்டை கட்டியாகிவிட்டது.

"நீதான் மூட்ட கட்டிட்டியேக்கா" என்றேன்.

அவள் திரும்பி மூட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பூ கட்டிப் பார்த்தால், முதலில் என்னை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். என் மருமகள் மட்டும் கதவை மூடும்போது, வெளியில் அரளிச் செடி இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.