நான் வைத்த வாசல் நிலை

“தெரியாது” என்ற சொல் என் வாயில் வருவதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைதான்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேப்பரை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒருவர் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால், அதை அவரைவிடத் திறமாக எப்படிச் செய்வது என்று எனக்கு உடனே விளங்கிவிடும். விளங்கியதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. கோயிலில் ஐயர் பூசை செய்யும்போதுகூட இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு எரிந்த அன்றும் நான் பக்கத்து வீட்டில் நின்று கூழ் காய்ச்சுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சாமியறையில் ஏற்றிவைத்த விளக்குத் திரியை எலி இழுத்துக்கொண்டு பரணுக்கு ஏறியிருக்க வேண்டும் என்பது என்னுடைய முடிவு. (எலியை ஒருவரும் விசாரிக்கவில்லை.) பரண் நிறைய, மாரி காலத்தில் அடுப்பெரிக்கவென்று நான் சேர்த்து வைத்த தென்னம் பன்னாடையும் பொச்சுமட்டையும் கிடந்தன. நான் ஓடி வருவதற்கிடையில் கூரை பிடித்துவிட்டது. ஓடுகள் வெடித்த சத்தம் நெல்லியடிச் சந்தி வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். கறண்ட் வயர் எரிந்துபோனதால் தண்ணீர் மோட்டரும் வேலை செய்யவில்லை. சனம் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றியது. எங்கே ஊற்ற வேண்டும் என்று நான் நின்று சொன்னேன்.

மிஞ்சியது சுவர்கள், கிணறு, வாசல் நிலை. வாசல் நிலை முதிரை மரம். நான் கலியாணம் கட்டி வந்த வருடம் வைத்தது. உள்பக்கம் கருகியிருந்தாலும் மரம் இரும்பு மாதிரி நின்றது.

அன்றிலிருந்து புவனம் மச்சாள் வீட்டில்தான் இருந்தேன். இவருடைய, என் மனுசனுடைய, தங்கச்சி. (இவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது.) மச்சாள் நல்ல மனுசி. தன்னுடைய அறையையே எனக்கு விட்டுத்தந்தாள். விட்டுத்தந்ததை ஒரு நாளைக்கு நாலு தரம் வந்து போகிறவர்களுக்குச் சொல்லவும் செய்தாள்.

கனடாவில் இருக்கும் என் மகள் வதனி போனில் அழுதாள். நான் அழவில்லை. அவள் சொன்னது இதுதான்: “அம்மா, காணியைப் பூட்டிப்போட்டு இஞ்சை வாங்கோ. இனி உங்களைத் தனிய விட மாட்டன்.” நான் மாட்டேன் என்றேன். ஒரு கிழமை இழுபறிப்பட்டோம். கடைசியில் அவள் ஒரு முடிவு சொன்னாள். ஆவணியில் சந்நிதிக் கோயில் கொடியேற்றத்துக்கு அவளும் மருமகனும் வருவார்கள். வரும்போது வீடு எழும்பியிருக்க வேண்டும். அதற்குள்ளே நான் தனியாக இருந்து சமைத்துச் சாப்பிடுவதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து மனம் ஆறாவிட்டால், திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். என்னுடைய பிளேன் ரிக்கற்றையும் சேர்த்தே போட்டுவிட்டாளாம்.

“சரி” என்றேன். வேறென்ன சொல்ல? பனி கொட்டும் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியாமல் யன்னலுக்குள் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

சித்திரையில் வேலை தொடங்கியது. மேசன் சின்னராசாவுக்குப் பொறுமை அதிகம். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சீமெந்துக் கல் அரிந்தவர்களுக்குக் கல் அரியச் சொல்லிக்கொடுத்தேன். சாந்து குழைத்தவர்களுக்குக் குழைக்கச் சொல்லிக்கொடுத்தேன். சுவரில் ஏறியிருந்த புகைமணம் போகாது என்று எல்லோரும் சொன்னார்கள். தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சை என்பதும் அதுதான்) சுண்ணாம்பும் போட்டு நானே மூன்று தரம் கழுவினேன். போய்விட்டது. (இதை எழுதி வைக்க வேண்டும், இப்போது எழுதிவிட்டேன்.) ஆனி மாதம் கூரை மரமெல்லாம் ஏறி நின்றது. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கத் தொடங்கியது அப்போதுதான்.

வாசல் பக்கச் சுவர் சூட்டில் வெடித்திருந்ததால் அதை இடித்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே வாசல் நிலையைக் கழற்றி, திருத்தி, முறைப்படி நேரம் பார்த்துத் திரும்பவும் வைக்க வேண்டும். திருத்தும் வேலையை ஓடாவியாரிடம் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் தச்சு வேலை செய்பவரை ஓடாவியார் என்றுதான் சொல்வோம். அவர் அதிகம் கதைக்க மாட்டார். கருகிய உள்பக்கத்தைச் சீவி, இழைத்து, எண்ணெய் பூசி, முதல்நாள் பின்னேரம் கொண்டுவந்து மாமரத்தில் சாத்திவிட்டு, “நான் வராமல் தொடாதேங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாத்திரியார் குறித்துத் தந்த நேரம் காலை எட்டு ஐந்திலிருந்து எட்டேகால் வரைக்கும். அதை விட்டால் மூன்றாம் நாள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நிலை வைக்க மாட்டோம். ஆவணியில் நாள் எடுத்தால் கொடியேற்றத்துக்கு நாலு நாள்தான் இருக்கும். அதற்குள் கதவும் போடாத வீட்டில் நான் எப்படிச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டுவது?

எட்டு மணி. அயலட்டைச் சனமெல்லாம் வந்துவிட்டது. மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்தாகிவிட்டது. மாவிலை, தேங்காய், பால், கற்பூரம் எல்லாம் தயார். ஓடாவியார் இல்லை. சைக்கிள் காற்றுப் போய் வழியில் நிற்கிறார் என்று போன் வந்தது.

“ஓடாவியார் வரட்டும் அம்மா” என்றான் சின்னராசா.

“நேரம் ஓடுது, ஓடாவியார்தான் ஓடாமல் நிக்கிறார். நீ தூக்கு” என்றேன். சனம் சிரித்தது. சிரித்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

நிலையை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் அறுபது வருடத்துச் சந்தனமும் குங்குமமும் விளக்குப் புகையும் படிந்து கறுத்துப்போய் இருந்தது. மற்றப் பக்கம் புதுப்பெண் மாதிரி மினுங்கியது. கறுத்த பக்கம்தான் நெருப்புப் பட்ட பக்கம் என்று நான் முடிவுகட்டினேன். மினுங்கிய பக்கத்து ஓரத்தில் ஒரு படி மாதிரி நேர்த்தியாக வெட்டியிருந்தது. ‘மனுசன் கேளாமலே வடிவு வேலையும் செய்திருக்கிறார், இதை நாலு பேர் பார்க்க வேண்டாமா’ என்று நினைத்தேன்.

“மினுங்கிற பக்கம் வெளியாலை” என்று கட்டளை இட்டேன்.

சின்னராசா தலையைச் சொறிந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். நான் கையிலிருந்த மணிக்கூட்டைக் காட்டினேன். எட்டுப் பத்துக்கு நிலை நிமிர்ந்தது. தேங்காய் இரண்டு பாதியாக, சரி நடுவால் பிளந்தது. பால் ஊற்றினோம். சீமெந்து போட்டு இறுக்கினார்கள். மச்சாள்கூட “நல்லாயிருக்கு” என்றாள். அதை அவள் வாயால் கேட்க நான் அறுபது வருடம் காத்திருந்தவள்.

எல்லோரும் பொங்கிப் படைத்த புக்கையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சைக்கிளை வழியில் விட்டுவிட்டு, லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் கதவை ஏற்றிக்கொண்டு ஓடாவியார் வந்து இறங்கினார். நிலையைப் பார்த்தார். அதற்குள்ளால் வீட்டுக்குள் போனார். திரும்ப வெளியே வந்தார். இன்னொரு தரம் உள்ளே போனார். பிறகு வந்து என் கதிரையில் இருந்தார்.

“அக்கா, ஒரு சந்தேகம்” என்றார். “இந்த வீட்டிலை ஆக்கள் வீட்டுக்குள்ளையோ இருக்கப் போகினம், முற்றத்திலையோ?”

எனக்கு விளங்கவில்லை. அவர் எழும்பிப் போய், நான் வடிவு வேலை என்று நினைத்த அந்தப் படியைத் தட்டிக் காட்டினார். கதவு வந்து பொருந்தி நிற்பதற்காக வெட்டிய இடம் அது. எப்போதும் உள்பக்கம் இருக்க வேண்டியது. அப்போதுதானே கதவை உள்ளுக்குத் தள்ளித் திறக்கலாம். நான் வைத்த மாதிரிக்குக் கதவு வெளியேதான் திறக்கும். வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் போகாது. இழுக்க வேண்டும். அலுமாரிக் கதவு மாதிரி.

அறுபது வருடம் அந்த வாசலால் போய் வந்தவள் நான். ஒரு நாளும் அந்தப் படியைக் கண்டதில்லை.

முதலில் சிரித்தது மச்சாள். பிறகு புக்கை வாயோடு முற்றமே சிரித்தது. சின்னராசா மட்டும் சிரிக்கவில்லை. சீமெந்து ஈரம், இப்போதே இழுத்தெடுத்துத் திருப்பலாம் என்றான். ஆனால் நல்ல நேரத்தில் வைத்த நிலையை யாராவது பிடுங்குவார்களா? பிடுங்கினால் திரும்ப வைக்க ஆவணி. ஆவணி என்றால் கனடா. இரண்டும் என் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. இரண்டுக்கும் நடுவில் இருந்துதான் அந்தப் பொய் வந்தது.

“நான் யோசிச்சுத்தான் வைச்சனான்” என்றேன். “நெருப்புப் பிடிச்ச வீடு. இனி ஒருக்கால் பிடிச்சால் உள்ளுக்கை நிக்கிறவை கதவைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறதே? ஒரு தள்ளு, ஆள் வெளியிலை.”

ஓடாவியார் என்னைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார். நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கதவு போட்டதில்லை, கேட்பவர்களுக்குத் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் போட்டார். முதிரை நிலைக்கு ஏற்ற பாரமான கதவு, அதை நிலையோடு பிணைக்கப் பெரிய பிணைச்சல், வெளியே இழுக்க ஒரு பித்தளை வளையம்.

வதனிக்கு நான் சொல்லவில்லை. போனில் வீட்டைக் காட்டச் சொல்வாள். கூரையைக் காட்டினேன், குசினியைக் காட்டினேன், கிணற்றைக்கூடக் காட்டினேன். வாசலைக் கேட்டால் அதற்கு முன்னால் நான் நிற்பேன், அல்லது சிக்னல் போய்விடும். (சிக்னல் என்ற சொல் எனக்கு அவ்வளவு உதவும் என்று முன்பு தெரியாது.) ஆடி நடுவில் ஓடு போட்டு முடிந்தது. வெள்ளை அடித்தார்கள். நான் மச்சாள் வீட்டிலிருந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் அடுப்பில், என் கையால் சோறு வைத்தேன்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள், பின்னேரம் வருவோம் என்று சொன்ன வதனியும் மருமகனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் குசினியில் கிறைண்டரில் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைப் பிறகு மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன்.

வதனி வந்து கதவைத் தள்ளியிருக்கிறாள். போகவில்லை. தட்டியிருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. அம்மா உள்ளே விழுந்து கிடக்கிறா என்று அலறத் தொடங்கிவிட்டாள். மருமகன் தோளால் இடித்திருக்கிறார். அவர் நல்ல கட்டுமஸ்தான ஆள். ஓடிவந்து இன்னொரு இடி. விறாந்தை முழுக்கச் சனம். இழுக்கவென்று போட்ட பித்தளை வளையம் சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வாசல் கதவை யார் இழுத்துப் பார்ப்பார்கள்? மச்சாளுக்குத் தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டதால் சொல்ல வாய் வரவில்லையாம்.

கிறைண்டரை நிறுத்தியதும் எனக்கு ‘தடார்’ என்று கேட்டது. யாரோ வீட்டை இடிக்கிறார்கள். நாலு மாதம் வெயிலில் இருந்து எழுப்பிய வீடு. அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், என் பலமெல்லாம் சேர்த்துக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினேன். அந்த நேரம் பார்த்து மருமகன் மூன்றாவது ஓட்டத்தில் வந்துகொண்டிருந்தார்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த மருமகனுக்கு ஆராத்தி எடுக்கத் தட்டு ஆயத்தமாக வைத்திருந்தேன். அதற்கு முதல் நெற்றியில் தேசிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் கொடுத்து வரவேற்றேன். அவர் விறாந்தையில் கால் நீட்டி இருந்துவிட்டார். வதனி அவரைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

“கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை என்னம்மா செய்தனீங்கள்?”

“ஆர் பூட்டினது? சும்மா சாத்தித்தான் கிடந்தது” என்றேன். “இழுத்திருந்தால் வந்திருக்கும்.”

பிறகு உண்மையைச் சொன்னேன். நிலையைத் திருப்பி வைத்தது, மினுங்கலுக்கு ஆசைப்பட்டது, பொய், சிக்னல், எல்லாம். சொல்லச் சொல்ல வதனியின் முகம் இறுகியது. “இதுக்குத்தான் சொன்னனான்” என்றாள். “தனிய விட்டால் நீங்கள் இப்பிடித்தான்.” என் கை உழுந்து மாவோடு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரிக்கற் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும்.

மருமகன் ஈரத்துணியை நெற்றியில் பிடித்தபடி எழும்பிப் போனார். கதவை மூடினார், திறந்தார், திரும்பவும் மூடித் தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். (நெற்றி போதவில்லை போல.) பிணைச்சலைத் தடவினார். தான் வேலை செய்யும் இடத்திலும் வாசல் கதவுகள் வெளியேதான் திறக்கும், நெருப்புக்குப் பயந்துதான் அப்படி வைப்பது என்று வதனிக்குச் சொன்னார். என் பொய் எனக்குத் தெரியாமலே மெய்யாக இருந்திருக்கிறது.

“பூட்டாத கதவை நான் இவ்வளவு இடிச்சும் அசையேல்லை” என்றார். “பூட்டினால் எந்தக் கள்ளன் வருவான்? வதனி, மாமியைப் பார். கதவோடை சேர்த்து என்னையும் ஒரே தள்ளிலை தள்ளி விழுத்திப்போட்டா. தள்ளாத வயசு, தள்ளாத வயசு எண்டு நீதான் சொல்லுறாய். தள்ளாத வயசு மாமிக்கில்லை, மாமியின்ரை கதவுக்குத்தான்.”

வதனி சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சுட்ட உழுந்து வடையில் எட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ரிக்கற் கதையை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொடியேற்றம் பார்த்து, தேர் பார்த்து, இரண்டு பேரும்தான் திரும்பிப் போனார்கள்.

இப்போதும் மருமகன் போன் எடுத்தால் என் சுகத்தைக் கேட்பதில்லை. “மாமி, கதவு எப்பிடி, இன்னும் தள்ளாத வயசுதானோ?” என்றுதான் தொடங்குவார். பேரப்பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

போன தையில் புவனம் மச்சாள் தன் வீட்டு முன்பக்கத்தைப் புதிதாகக் கட்டினாள். நிலை எந்தப் பக்கம் என்று சின்னராசா கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமல், “மச்சாளின்ரை மாதிரித்தான்” என்றாள். (நான் அவளுக்கும் மச்சாள்தான்.) நிலை வைத்த அன்று ஓடாவியார் விடிய முதலே வந்து, நிலைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் கிட்டப் போகவில்லை. தள்ளி வேலியோரமாக நின்று, அவர் கதிரை போட்ட பக்கம் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.