மூன்று மணி ஆட்டப் பாட்டும் குன்னத்தூர் நல்லானும்

நெருப்பெரிச்சல்,
17.8.2008

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு, மாமனார் சிவராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் சித்ரகலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றாலே எனக்கு "சாப்டீங்ளா மாப்ள" என்பதைத் தாண்டி வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன மாதம் உங்கள் வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு வந்திருக்கும். "தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் ஆட்டப் பாட்டாகவே போட்டு அலற விடுகிறீர்களே, உழைக்கிற ஜனங்களுக்கு அமைதியான பாட்டுப் போடக் கூடாதா?" என்று கேட்டு, கீழே 'நல்லான், விவசாயி, குன்னத்தூர்' என்று கையெழுத்து இருந்திருக்கும். அந்த நல்லான் நான்தான். குன்னத்தூரில் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சொந்தப் பேரில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எப்படி எழுதுவது? அந்த நிகழ்ச்சியை நடத்துவது நீங்கள். மாப்பிள்ளை செய்கிற வேலையில் மாமனார் குறை சொல்லலாமா? நீங்கள் வந்து இலையில் உட்கார்ந்து குழம்பில் உப்பில்லை என்றாலும் "ஆமாங்க" என்பேன், உப்புக் கரிக்கிறது என்றாலும் "ஆமாங்க" என்பேன். அப்படிப்பட்டவன் உங்கள் பாட்டைப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? குன்னத்தூர்க்காரர் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் பாட்டின் மேலும் எனக்குக் கோபமில்லை. எங்கள் பனியன் கம்பெனியின் தையல் செக்‌ஷனில் நாற்பது மிஷின், ஒரு ரேடியோ. மூன்று மணி ஆனால் உங்கள் மேளம் தொடங்கும், நாற்பது காலும் மிஷினை மிதிக்கிற மிதியில் கட்டிடமே அதிரும். சூப்பர்வைசரான எனக்கு அதில் என்ன நஷ்டம்? ஆனால் ஓவர்லாக் மிஷினில் பிரிசில்லா என்று ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் அந்த மேளத்துக்குத் தோளைக் குலுக்கிக்கொண்டு தைக்கிறதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். இவளுக்கு இப்போது ஆட்டம் கேட்கிறதா என்று எனக்குச் சுருக்கென்றது. நேரில் கேட்கத் தைரியம் இல்லை. ரேடியோவை நிறுத்தினால் நாற்பது பேரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். ஒரு கார்டு வாங்கினேன்.

நீங்கள் அதை ரேடியோவிலேயே "குன்னத்தூர் நல்லான் அய்யா எழுதுறாருங்க" என்று வாசித்தபோது எனக்குப் பயமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மூன்று மணிக்கு வயலினும் புல்லாங்குழலும்தான். பிடித்தது சனி. செக்கிங் மாரக்காள் மடியில் பனியனை விரித்தபடியே குறட்டை விட்டாள், அவளை எழுப்பப் போன இடத்தில் நானும் கொட்டாவி விட்டேன், அந்தக் கொட்டாவி ஒவ்வொரு டேபிளாகப் பரவிப் போய் அயர்ன் செக்‌ஷன் சின்னானைப் பிடிக்க, அவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு காலர் கருகிவிட்டது, அந்தப் புகை நாற்றத்துக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த முதலாளி செங்கோட்டையன் சோகப் பாட்டைக் கேட்டு, எங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றி, மெதுவான குரலில், "ஏனுங்க சிவராஜு, யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிசில்லா சிரிக்கவில்லை. அன்று டீ நேரத்தில் என்னிடம் வந்து, "அண்ணா, அந்த ஆட்டப் பாட்டெல்லாம் எங்கீங்க போச்சு?" என்றாள்.

"ஏம்மா, இது நல்லாத்தானே இருக்குது?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. ஆனா இதைக் கேட்டா அவரு நெனப்பாவே வருதுங்க. ஊட்லயும் அதேதான், பஸ்லயும் அதேதான். அந்த ஒரு மணி நேரந்தானுங்க எனக்கு எதுவுமே நெனப்பு வராம இருந்துச்சு."

மாப்பிள்ளை, டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அதையே யோசிக்கிறேன். ஆட்டப் பாட்டு ஆடுகிறவர்களுக்கு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆட இடம் இருக்கிறவன் கல்யாணத்திலோ திருவிழாவிலோ ஆடிக்கொள்வான். காலை எட்டரை முதல் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பாதம் மட்டும் அசைகிற வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது ரேடியோவில் வேண்டியிருக்கிறது. அதை நான் ஐம்பது பைசா கார்டில் பிடுங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கவலை உங்களைப் பற்றி. முன்பெல்லாம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவீர்கள். இப்போது மூன்று மணிக்கு உங்கள் குரல் அப்படியே அடங்கிக் கிடக்கிறது. மேலதிகாரி திட்டிவிட்டாரோ, ஆட்டப் பாட்டைப் பிடுங்கியதில் மனசு உடைந்துவிட்டதோ என்று உங்கள் அத்தை கண் கலங்குகிறாள். ஆகையால் இந்தக் கடிதத்தை அதிகாரியிடம் காட்டி, நல்லான் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று நிரூபித்து, பழையபடி ஆட்டப் பாட்டையே போட வேண்டுகிறேன். என்னை மன்னித்ததாக ஒரு வார்த்தை சித்ரகலாவிடம் சொல்லி அனுப்பினால் போதும். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் போல வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்த மாமனார்,
சிவராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சித்ரகலா பஸ்ஸிறங்கி வந்துவிட்டாள். உங்களுக்கு ஆட்டப் பாட்டே ஆகாதாமே! மூன்று வருஷமாக மெலடி நிகழ்ச்சி கேட்டு அலைந்தீர்களாமே! "நல்லான் அய்யா கார்டு வந்தப்பறந்தானுங்கப்பா அவருக்கு உசுரே வந்துச்சு, கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போச்சுங்க" என்கிறாள். கார்டைப் பீரோவில் வைத்திருக்கிறீர்களாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கிழித்தே போட்டிருப்பேன். ஆனால் வருகிற ஞாயிறு சால்வையோடு குன்னத்தூர் போய் நல்லானைத் தேடப் போகிறீர்கள் என்றாளே, அதனால்தான் அனுப்புகிறேன். போக வேண்டாம். சால்வையும் வேண்டாம். மெலடியையே போடுங்கள். நடுவில் மூன்றேகாலுக்கு மட்டும் ஒரே ஒரு ஆட்டப் பாட்டு. யார் கேட்டது என்று மேலிடத்தில் கேட்டால் குன்னத்தூர் நல்லான் என்றே சொல்லுங்கள். யாருக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.