சர்க்காருக்குச் சிக்கனம் சொல்பவர்

மைலாப்பூரில் கச்சேரியை ரசிக்கிறவர்கள் உண்டு. ரசிப்பதுபோல் தொடையில் தட்டுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு வகை உற்பத்தியாகி, மாட வீதிகளில் பெருகி, லஸ் முனையைத் தாண்டி, தியாகராய நகர் பனகல் பார்க் பெஞ்சுகள் வரைக்கும் பரவியிருக்கிறது. சர்க்காருக்குச் சிக்கனம் சொல்கிற வகை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்களும் நானும் அரிசி விலை ஏறிவிட்டது என்போம். இவர் அப்படிச் சொல்லமாட்டார். "அரிசி இருந்த இடத்திலேதான் இருக்கு ஓய், ரூபாய்தான் இறங்கிடுத்து" என்பார். சௌக்கியமா என்று கேட்டால், ரூபாய் சௌக்கியமாக இருந்தால்தானே மனுஷன் சௌக்கியமாக இருக்கமுடியும் என்று திருப்பிக் கேட்பார். அவரிடம் மணி கேட்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இது வாங்கின வருஷம் என்ன விலை தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார்; நீங்கள் பிடிக்கவேண்டிய டிராம் போய்விடும்.

உதாரணத்துக்கு ஸ்ரீரங்கனை எடுத்துக்கொள்வோம். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கணக்கு அதிகாரியாக இருந்து, மற்றவர்களுடைய பயணப்படி பில்களில் வாழ்நாளெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். பில்கள் வருவது நின்றுபோயிற்று. கோடு போடுகிற கை நிற்கவில்லை. ஆகையால் இந்திய சர்க்காரின் பட்ஜெட்டையே கையில் எடுத்துக்கொண்டார்.

நோட்டு அச்சாவது நாசிக்கில். ஸ்ரீரங்கன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஓடும் அச்சு யந்திரத்தின் சத்தம் சித்திரைக்குளத்துப் பக்கம் இருக்கும் அவர் வீட்டில் அவருக்கு மட்டும் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பியில் சர்க்கரை குறைந்தால் நாசிக். வண்ணான் கூலியை உயர்த்தினால் நாசிக். தீக்குச்சி முதல் உரசலில் பற்றாவிட்டால் அதுவும் நாசிக்தான்.

காலையில் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போவார். வாங்குவது கால் பங்கு, பேசுவது முக்கால் பங்கு. அங்கே கடை போட்டிருந்த பொன்னுரங்கம் அவருடைய முக்கியமான மாணாக்கன். கடையை விட்டு ஓட முடியாதவன் என்பதுதான் அவனுடைய தகுதி.

"கத்திரிக்காய் வீசை என்னப்பா?"

"ஆறணா சாமி."

"முந்தாநாள் அஞ்சணாதானே சொன்னே?"

"முந்தாநாளு முந்தாநாளோட பூட்ச்சி சாமி."

வேறு யாராவதாக இருந்தால் கொள்ளைக்காரா என்று கத்தியிருப்பார். ஸ்ரீரங்கன் கத்தமாட்டார். "உன்மேலே தப்பே இல்லை" என்று கருணையோடு சொல்லிவிட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவார். "நீ விலையை ஏத்தலை. கத்திரிக்காயும் ஏறலை. ரூபாய் இறங்கியிருக்கு. சர்க்கார் வரவுக்கு மேலே செலவு பண்றான். கையிலே இல்லாததை அச்சடிச்சுக்கறான். புரியறதோ?"

"நல்லா புரிது சாமி. அப்ப இறங்கிப்போன ரூபாய நீயே வச்சுக்க, ஏறாத கத்திரிக்காய நான் வச்சுக்கிறேன். பின்னால நாலு பேரு நின்னுக்கினு கீறாங்க, வழி வுடு."

இதில் நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடவேண்டும். ஸ்ரீரங்கன் சொன்னது அத்தனையும் சரி. சர்க்காருக்கென்று தனியாக ஒரு பணப்பை கிடையாது. வரியாக எடுக்கும், கடனாக எடுக்கும், இரண்டும் பற்றாவிட்டால் அச்சடித்து எடுக்கும். முதல் இரண்டு வழியில் எடுக்கும்போது நம் கதவைத் தட்டிக் கேட்கிறது. மூன்றாவது வழியில் கதவைத் தட்டுவதில்லை. நாம் பூட்டி வைத்த பெட்டிக்குள்ளேயே நோட்டு இளைத்துப்போகிறது. எண்ணிக்கை குறையாமல் திருட இதைவிட நேர்த்தியான வழி உண்டா?

ஸ்ரீரங்கன் வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான் ஆயிற்று. அவருடைய கடைசிப் பெண் விஜயலக்ஷ்மி பிறந்த மாதத்திலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று தபாலாபீஸில் பணம் போட்டுவந்தார். வெற்றிலை பாக்கைக்கூட விட்டுவிட்டுப் போட்டார். அவள் பிறந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு ஐந்து நாள் கல்யாணத்தை நாதஸ்வரத்தோடு நடத்தியிருக்கலாம். இப்போது வருகிற தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் அச்சாரம் கொடுத்துப் பார்த்ததில், பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் ஜட்கா வண்டிக் கூலிக்கு மிஞ்சுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. பாத்திரம் ஒன்றுகூட வாங்கியாகவில்லை. பென்ஷனோ உத்தியோகத்தை விட்ட நாளில் நின்ற இடத்தில் நின்றது. விலைவாசி இப்படியே இன்னும் ஆறு மாதம் ஏறினால் கல்யாணம் என்ன ஆகும்? அவர் நாசிக்கைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் அத்தனை உயர்ந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே அவர் ஒரு திட்டம் போட்டார். மைலாப்பூர் வரி செலுத்துவோர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது. சர்க்கார் உடனே செலவைக் குறைக்கவேண்டும் என்று அதில் கேட்பது. கூட்ட முடிவில் மாலை வாங்கிக்கொள்ள வருகிற சட்டசபை அங்கத்தினர் கையில் அதைக் கொடுத்துவிடுவது.

சபையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னொரு காலத்தில் அங்கே ஏதோ ஒரு தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டு, தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு எதிர்ச்சாரியிலேயே இன்னொரு சபை ஆரம்பித்து, இரு சபைகளும் ஒரே நாளில் ஒரே பாகவதரை அழைத்து, ஊர் சிரித்துவிட்டது. அன்று முதல் ஒரு விதி: எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறவேண்டும். ஒருவர் எழுந்து "ஆட்சேபம்" என்று சொல்லிவிட்டால் அந்த அம்சம் போயிற்று. ஒருவர் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி, ஆட்சேபம் இல்லாவிட்டால், சேர்ந்தது. இந்த விதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிவந்தவர் காரியதரிசி ஸ்தனிஸ்லாஸ், சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார்.

கூட்டத்தில் ஸ்ரீரங்கன் பேசினார். அற்புதமாகப் பேசினார். வரவுக்குள் செலவு என்றார், கைதட்டல். நோட்டு அடிப்பதை நிறுத்து என்றார், பெஞ்சு ஆடிற்று.

"ரொம்ப சரி சார்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "எந்தச் செலவைக் குறைக்கணும்னு எழுதிக்கட்டுமா?"

"முதல்லே அந்த விலைக்கட்டுப்பாட்டு இலாகா. எதுக்கு அத்தனை இன்ஸ்பெக்டர்?"

இரண்டாவது வரிசையில் சிதம்பரநாதன் எழுந்தார். அரை நிமிஷத்துக்கு முன்னால் எல்லாரையும்விட பலமாகத் தட்டியவர் அவர்தான். "ஆட்சேபம். எங்க மாப்பிள்ளை இப்பத்தான் அதிலே இன்ஸ்பெக்டரா சேர்ந்திருக்காரு. சர்க்கார் செலவைக் குறைக்கட்டுங்க, வேண்டாங்கல. ஆனா இது வேறங்க."

இலாகா பிழைத்தது. ஸ்ரீரங்கன் அடுத்ததற்குப் போனார். "தியாகராய நகரிலே போட்ட ரோட்டையே மறுபடி போடறானே, அது?"

கிச்சா ஆட்சேபித்தார். அந்த ரோடுகளுக்கு ஜல்லி அடிக்கிற கான்ட்ராக்டு கிச்சாவுடையது. "ரோடு செலவே இல்லைங்காணும்! அது முதலீடு! நீர் கணக்குப் பார்த்தவர், உமக்கு நான் சொல்லணுமா?"

"சரி, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கற கிராண்டையாவது..."

பேனா நின்றது. "காரியதரிசிங்கிற முறையிலே நான் குறுக்கே பேசக்கூடாது சார்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "வாத்தியாருங்கிற முறையிலே ஆட்சேபம்."

மந்திரிகளின் மோட்டார் கார்கள் என்றதும் சபை ஆரவாரித்தது. ஆஹா, ஒன்று கிடைத்தது என்று ஸ்ரீரங்கன் மூச்சு விடுவதற்குள், அடையாற்றிலிருந்து வந்த ஒருவர் கடைசி வரிசையில் மெல்ல எழுந்து, தம் மைத்துனர் மவுண்ட் ரோடில் டயர் கடை வைத்திருப்பதைத் தெரியப்படுத்தினார்.

கடைசியில், சர்க்கார் சேவகர்கள் மார்பில் போட்டுக்கொள்ளும் டவாலியின் பித்தளை வில்லையை இனிமேல் தகரத்தில் செய்யலாம் என்ற ஒரு யோசனை ஏகமனதாக நிறைவேறிற்று. சபையில் டவாலி போட்டவர் யாரும் இல்லை.

ஒரே ஒரு வில்லையோடு தீர்மானம் பார்க்க மெலிவாக இருந்தது. அங்கத்தினர் கையில் இதைக் கொடுப்பது சபைக்கு மரியாதையா? ஆகவே சேர்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்கு விளக்கு என்றார் ஒருவர், மழைத்தண்ணீர் போக சாக்கடை என்றார் இன்னொருவர், கிச்சா ஒரு பாலத்தையே சேர்த்தார். எதற்கும் ஆட்சேபம் இல்லை. ஸ்ரீரங்கன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரர்களாயிற்றே என்று மூடிக்கொண்டார்.

அப்போது பழைய உத்தியோகஸ்தர் அனந்தராமன் தள்ளாடி எழுந்தார். "பென்ஷன்காரா பாடு சொல்லி முடியலே. உத்தியோகத்திலே இருக்கறவாளுக்குப் பஞ்சப்படி உண்டு. நமக்கும் பஞ்சப்படி குடுக்கணும். இதையும் சேர்த்துக்கோங்கோ."

சபை முழுவதும் ஸ்ரீரங்கனைத் திரும்பிப் பார்த்தது. "ஆட்சேபம்" என்ற ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருக்கலாம். அவருக்கும் அது தெரியும். அவர் கண் முன்னால் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியும் விஜயலக்ஷ்மியின் தகப்பனாரும் எதிரெதிரே நின்றார்கள். அதிகாரி சிவப்பு மையைத் தொட்டார். தகப்பனார் ஜட்காவை நினைத்தார்.

"ஸ்ரீரங்கன் சார், ஆட்சேபமா?"

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லை. பென்ஷன் விஷயம் வேற. அது நாம உழைச்ச பணம்."

"அதுக்குப் பணம் எங்கேருந்து வரும்னு அங்கத்தினர் கேட்டா என்ன சார் சொல்றது?" வாத்தியார் பழக்கத்தில் கேட்டுவிட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"அது சர்க்கார் பாடு!" என்றார் ஸ்ரீரங்கன்.

அங்கத்தினர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், தீர்மானத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. "பயந்துக்கிட்டே வந்தேங்க. சிக்கனத் தீர்மானம்னு சொன்னாங்களா, ஏதோ திட்டி அனுப்பப் போறீங்கன்னு நெனைச்சேன். இந்த மாதிரி சிக்கனம்னா எல்லா ஊர்லயும் கேக்கட்டுமே! அத்தனையும் செஞ்சுடலாம்." வில்லை விஷயம் மட்டும் சிக்கல், ஒரு கமிட்டி போட்டுத்தான் ஆராயவேண்டும் என்றார்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் அந்த மனிதர். அவர் ஒருவர் மட்டுமல்ல. நாடு முழுவதும் இருந்த அங்கத்தினர்களுக்கு இதே மாதிரி சிக்கனத் தீர்மானங்கள் கிடைத்திருக்கவேண்டும், அவர்களும் காப்பாற்றியிருக்கவேண்டும். பாலத்துக்குக் கல் வந்து இறங்கிற்று. தெருவில் விளக்கு எரிந்தது. மார்கழியில் பென்ஷனோடு பஞ்சப்படியும் சேர்ந்து வந்தது. ஸ்ரீரங்கன் அதை மடியில் கட்டிக்கொண்டு, மனைவி சூடாமணியோடு சீர்ப் பாத்திரம் வாங்கப் புறப்பட்டார்.

கடைக்காரர் ஓர் அண்டாவுக்கு விலை சொன்னார். சூடாமணி விலையைக் கேட்டாள், அண்டாவைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"ஏன்னா, போன மாசம் இதே அண்டாவுக்கு இவர் சொன்ன விலை வேறயாச்சே? உங்க படி வந்தும் அண்டா நமக்கு எட்டலையே! அப்போ படி எங்கே போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் மைலாப்பூரில் ஒருவர் உண்டென்றால் அது ஸ்ரீரங்கன்தான். வருஷக்கணக்காகக் கேளாதவர்களுக்கெல்லாம் வலிய விளக்கியவர். ஆனால் இன்றைக்கு அந்த விளக்கத்தைச் சொல்லப் போனால், அதன் நடுவில் எங்கேயோ அவர் பெயரும் வரும்போல் இருந்தது.

அவர் முகம் சிவந்தது. கடைக்காரரை நோக்கி விரலை நீட்டினார்.

"கொள்ளை! பகல் கொள்ளை அடிக்கறான்டி இவன்! இந்தப் பேராசை பிடிச்ச வியாபாரிகளைப் பிடிச்சு உள்ளே போட்டாத்தான் விலைவாசி இறங்கும்!"

அண்டா வாங்காமல் திரும்பினார்கள். அதற்குப் பதில் ஒரு சின்ன அடுக்குப் பாத்திரம். கல்யாணம் நடந்தது, ஐந்து நாள் அல்ல, ஒன்றரை நாள்.

பாவம் ஸ்ரீரங்கன் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எனக்காக ஒரு சின்ன உபகாரம் செய்யவேண்டும். சர்க்கார் செலவைக் குறைக்கவேண்டும் என்று நீங்களும் நம்புகிறவர்தான். எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் படித்திருக்கமாட்டீர்கள். சர்க்கார் கஜானாவிலிருந்து உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேரும் ஏதாவது ஒன்று இருக்கும். மானியமோ, படியோ, கான்ட்ராக்டோ, மாப்பிள்ளையின் உத்தியோகமோ. முதலில் வெட்டவேண்டியது அதுதான் என்று ஒரு தபால் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

என்ன யோசிக்கிறீர்கள்? தபால் கார்டு விலை ஏறிவிட்டதா?