ரெத்தினாவைக் கூட்டிக்கொண்டு போனவன்

தலத்தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லாரையும் கோபப்படுத்திய ஒரே மனிதர், எங்கள் மாடியில் குடியிருந்த ரெத்தினா சார்தான்.

கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மாலையானால் மொட்டைமாடியில் நின்று செல்போனில் மாணவர்களைக் கிழிப்பார்: "ரெட்டினால் தனியா போவாதுய்யா! கூட்டிட்டுப் போறவன் எவன்? அவனப் புடி!"

ரெட்டினால் என்றால் வைட்டமின் ஏ. தெருவின் காதில் அது ரெத்தினா என்று விழுந்தது. எதிர்வீட்டு மேரி அக்கா கிண்ணத்தில் பாயசத்தோடு மாடியேறினார்.

"ரெத்தினா திரும்பி வந்துருவாங்க சார். ஜெபம் பண்றேன்."

"எனக்குக் கல்யாணமே ஆவலைங்க!"

ஈரலிலிருந்து வைட்டமின் ஏ-யை ரத்தத்தில் சுமந்து போகும் புரதத்தைப் பற்றி அக்காவுக்கு அரைமணி நேரம் கத்தினார். பாயசம் ஆறிப்போனது. பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது போன வருஷம். இரண்டாவது குழந்தை வயிற்றில். என் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். வைட்டமின் ஏ புற்றுநோயைத் தடுக்கும் என்று செல்போனில் படித்து மாத்திரை வாங்கி ஒன்றை விழுங்கிவிட்டேன். அதைச் சுமக்கும் புரதம் கூடினால் சர்க்கரையும் புற்றுநோயும் வரும் என்று அடுத்த செய்தி வந்தது. புட்டியும் கையுமாக மாடிப்படியில் அவரை மறித்தேன்.

"அந்தப் புரோட்டீன் கூடுனா கேன்சர் வருமா, வராதா சார்?"

"தெரியாது! சில கேன்சர்ல கூடுது, சிலதுல கொறையுது."

"சக்கரை?"

"குண்டா இருக்கவங்க, சக்கரை உள்ளவங்க நெறய பேருக்குக் கூடுதலா இருக்கு. அதனால இது வந்துச்சா, இதனால அது வந்துச்சா? இன்னும் அடிச்சிக்கிறாங்க!"

"அப்பறம் என்னத்த சார் படிச்சீங்க?" நானும் கத்திவிட்டேன்.

அப்போதுதான் என் கையிலிருந்த மாத்திரைப் புட்டியைப் பிடுங்கிப் படித்தார்.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு இதையா முழுங்குனீங்க? அளவு மீறுனா புள்ளைக்கு ஆவாது. இது எனக்குத் தெரியும்! ஏறுங்க ஆட்டோவுல!"

தெருவே வேடிக்கை பார்த்தது. மானம் போனது. வழியெல்லாம் மருந்துக் கடைக்காரரைத் திட்டினார், என்னைத் திட்டினார், ஆட்டோக்காரரையும் விடவில்லை. கட்டின புருஷன்கூட என்னை இப்படிப் பேசியதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா, "ஒண்ணோட போச்சு, இனிமே தொடாதீங்க" என்று சொல்லி, என் நிம்மதிக்காக ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் சாரைத் தடுத்தார்.

"நீங்க யாரு, இவங்க அப்பாவா?"

அரைகுறையாகத் தெரிந்த எதையும் உறுதியாகச் சொல்லாத மனுஷன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார்.

நான் திருத்தவில்லை.