மச்சானின் காரைக் குள்ளமாக்கிய கதை

ரோட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தால் எனக்கு வியர்க்கும். வெளியில் சொல்ல வெட்கமான விஷயம்தான். நாற்பது வயதாகிவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பாம்புக்கோ நாய்க்கோ பயப்படுகிறவன் இல்லை (நாய்க்குக் கொஞ்சம்). ஆனால் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால், மற்றவர்கள் ஜன்னல் வழியாக மலையையும் மேகத்தையும் பார்க்கிறபோது நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே கல். இந்த வியாதி எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. இருபத்து நாலாவது வயதில், சொந்த முயற்சியால் சம்பாதித்துக்கொண்டது.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். குண்டசாலையில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவின் கணவர் செல்வம் மச்சானுக்குக் கட்டாரில் வேலை. போகும்போது தன் வெள்ளைக் காரின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டு, "தம்பி, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு. அக்காவுக்கு அவசரம்னா எடு. வேற ஒண்ணும் செய்யாத" என்றார்.

வேற ஒண்ணும் செய்யாத. மூன்றே சொல். எனக்கு அதுகூட விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாவிக்கரையில் ஒரு காரைப் பார்த்தேன். மச்சானின் கார் மாதிரியேதான், ஆனால் ரோட்டோடு ஒட்டி, பதுங்கிய பூனை போல ஊர்ந்து வந்தது. டயருக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. உள்ளே இருந்தவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் என்னைக் கொன்றுவிட்டது. மச்சானின் காரைப் போய்ப் பார்த்தால், சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற அம்மா மாதிரி நின்றது.

குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிங்கள மெக்கானிக் நிமல் பாஸின் கராஜ். விசாரித்தேன். காரில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஸ்பிரிங் போட்டால் போதும், வண்டி நாலு விரல் அளவு இறங்கிவிடும் என்றார். விலையைக் கேட்டேன். என் இரண்டு மாதச் சம்பளம். கொடுத்தேன். (அக்காவிடம், கடையில் சம்பளம் பிந்துகிறது என்றேன்.)

நிமல் பாஸ் நேர்மையான மனிதர். சிவப்பு நிறத்தில் பளபளவென்று நாலு ஸ்பிரிங்கையும் பூட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தார்.

"மல்லி, தம்பி, பாக்க லஸ்ஸன, அழகுதான். ஆனா வேல முடியல்ல. இந்த பிரேக் ஹோஸ், எண்ணெய் போற குழாய், டயருக்குக் கிட்ட வந்திருச்சி, வேற மாதிரி கட்டணும். ஷொக் அப்சோர்பரும் மாத்தணும்."

"அதுக்கு எவ்வளவு பாஸ்?"

சொன்னார். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்தது.

"அடுத்த மாசம் செய்வோம் பாஸ்."

"சரி. அது வரைக்கும் நாலு பேர் ஏத்த வாணாம். மல ஏற வாணாம்."

தலையாட்டினேன். கண்டியில் குடியிருந்துகொண்டு மலை ஏறாமல் கார் ஓட்டுவது எப்படி என்று அந்தத் தலைக்குள் ஓடவேயில்லை. சமமாக இருக்கிற ஒரே பாதை வாவியைச் சுற்றிப் போவதுதான். அதிலேயே ஒரு வாரம் மாலைதோறும் சுற்றினேன். பெற்றோல் தீர்ந்ததே தவிர, ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. பட்டாணிக் கடலை விற்கிறவர் மட்டும், "தம்பி, டயர்ல காத்து இல்ல" என்றார்.

எட்டாம் நாள் அக்கா வந்து சொன்னாள்: "டேய், அத்தைக்கு ஆஸ்பத்திரில தேதி குடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வார்டுல இருக்கணும். நீ கார எடு, நானும் வாறேன்."

அத்தை என்றால் மச்சானின் அம்மா. ஹேவாஹெட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்து, தோட்டத்தில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். இந்தத் தேதிக்காக ஒன்பது மாதம் காத்திருந்தோம். தவறினால் இன்னும் எத்தனை மாதமோ.

மல ஏற வாணாம் என்று நிமல் பாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.

"பஸ்ல கூட்டிட்டு வரலாமே அக்கா?"

"கண்ணு தெரியாத மனுசிய பஸ்ஸில ஏத்துறதா? வீட்டுல கார வச்சிக்கிட்டா?"

"த்ரீவீல்..."

"ஒனக்கு என்னடா ஆச்சு?"

ஓடினேன் கராஜுக்கு. பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று. பூட்டு தொங்கியது. நிமல் பாஸ் குடும்பத்தோடு சிவனொளிபாதமலைக்குப் போய்விட்டாராம். என்னை மலை ஏற வேண்டாம் என்று சொன்னவர், தான் மட்டும் ஏறப் போய்விட்டார். தகரக் கதவின் ஓட்டை வழியே பார்த்தேன். மச்சானின் நாலு ஸ்பிரிங்கும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அக்காவின் முகத்தை நினைத்தேன். சொல்லவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். தலாத்துஓயா வரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஏற ஏற அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்னடா அது?"

"கல்லு அக்கா."

இன்னொரு வளைவில் 'டொங்'.

"இது?"

"பெரிய கல்லு."

மாரஸ்ஸனையைத் தாண்டுவதற்குள் இலங்கையில் உள்ள கல்லையெல்லாம் அந்த ரோட்டில் கொட்டி முடித்திருந்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே மார்கழிக் குளிர்.

தோட்டத்தில் அத்தை வெள்ளைச் சேலை உடுத்திக் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி மாணிக்கம் மாமா. தொழிற்சாலையில் காவல் வேலை. அவரே ஒரு தொழிற்சாலை மாதிரி இருப்பார். காலடியில் ஒரு சாக்கு நிறைய உருளைக்கிழங்கு.

"மாமாவும் வாறாரா?" என்றேன்.

"அக்காவ தனியா விடுவேனா?" என்றார் மாமா. "கெழங்கு ஒங்க வீட்டுக்குத்தான். பின்னால போடு."

நாலு பேர் ஏத்த வாணாம். நிமல் பாஸின் குரல் காதுக்குள் கேட்டது. அத்தையின் கையைப் பிடித்துப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். கண் தெரியாவிட்டாலும் அவர் உடம்புக்கு அந்தக் காரின் உயரம் மனப்பாடம். வழக்கமான இடத்தில் சீட் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தவர், இல்லாததால் தொடர்ந்து போய்க்கொண்டேயிருந்தார்.

"அடி ஆத்தி! என்னடா தம்பி, குழிக்குள்ள நிக்குதா காரு?"

"காத்து கொஞ்சம் கம்மி அத்தை."

மாமா முன்னால் ஏறினார். கார் ஒரு பெருமூச்சு விட்டு அவர் பக்கமாகச் சாய்ந்தது.

இறங்கத் தொடங்கினோம். இடது பக்கம் மண்மேடும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானும், வலது பக்கம் தேயிலை, தேயிலைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் டயர் தகட்டை உரசுகிற சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. பிறகு ஒரு வாடை.

"எங்கயோ ரப்பர் எரிக்கிறானுங்க" என்றார் மாமா.

"ஆமா மாமா, எரிக்கிறானுங்க."

இரண்டாவது வளைவு முடிந்து பிரேக்கை மிதித்தபோது, பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது. அத்தை உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது வளைவில் இன்னும் ஆழம். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நான்காவது தடவை மிதித்தேன். காலுக்குக் கீழே சோற்றுப் பருக்கையை மிதிக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நொடியை இன்றைக்கும் என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. கண்ணாடியில் அத்தையின் முகம் தெரிந்தது. கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, என்னை நம்பி உட்கார்ந்திருந்தார். கியரைக் குறைத்தேன். எஞ்சின் அலறியது. வேகம் குறைந்தது, போதவில்லை. கீழே வளைவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

"டேய்!" என்றாள் அக்கா.

ஹேண்ட் பிரேக்கைக் கூரை வரைக்கும் இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பச்சை, மண், பச்சை. 'தடால்' என்று ஒரு சத்தம். பஸ் எங்களை உரசாமல் மேலே போய் நின்றது.

இடது பக்கச் சக்கரம் இரண்டும் கானுக்குள். காரின் வயிறு கானின் விளிம்பில் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல் நிதானமாகக் கேட்டது:

"வந்துட்டமா?"

மாமாதான் முதலில் அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அக்கா இறங்கிக் குனிந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்குப் பின்னால், மண்ணுக்கும் எண்ணெய்க்கும் நடுவில், ஏதோ ஒன்று கல்யாண வீட்டு வளையல் மாதிரிப் பளபளத்தது.

"இது என்னடா செவப்பா?"

கானுக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாவிக்கரை, நிமல் பாஸ், இரண்டு மாதச் சம்பளம், பிரேக் ஹோஸ், எல்லாம். அக்கா அடிக்கவில்லை, ஏசவில்லை. மணிக்கட்டைத் திருப்பி மணியைப் பார்த்தாள். எட்டரை. அது என்னை அறைவதைவிட மோசம்.

கொஞ்ச நேரத்தில் கண்டிக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறி ஒன்று வந்தது. அக்கா நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தாள். அத்தையையும் அக்காவையும் முன்னால் ஏற்றினார்கள். மாமா பின்னால் லீக்ஸ் கட்டுகளின்மேல், உருளைக்கிழங்குச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை.

தனியாக நின்றேன். டயர் உரசியே ஹோஸில் ஒரு வாய் பிளந்திருந்தது. பிரேக் எண்ணெய் புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. கால் போன போக்கில் கீழ்நோக்கி நடந்தேன். முப்பது அடி வைத்திருப்பேன். அங்கே இடது பக்க மண்மேடு முடிந்திருந்தது. வளைவு வலது பக்கம் திரும்ப, எதிரே வெறும் காற்று. வெகு கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் கூரையும், உலர்த்தப் போட்ட துணிகளும் தெரிந்தன. ஒரு சின்னச் சட்டை காற்றில் ஆடியது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேலே நின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஓடி வந்து, "ஒளுவ கெரகேனவத?" என்று கேட்டுத் தன் தலையைத் தொட்டுச் சுற்றிக் காட்டினார். தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். என்னோடு உலகமே சுற்றியது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வார்டுக்குப் போய்விட்டார்களாம். (லொறிக்காரருக்கு இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு பெட்டி பலகாரம் போகிறது.) அத்தையின் கட்டில் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்தார்.

"எதுக்குடா கார எறக்குன?"

"அழகா இருக்கும்னு அத்தை."

"யாரு பாக்குறதுக்கு? ரோட்டுல குனிஞ்சிக்கிட்டு போறவனா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சானின் கோல். அக்கா போனை என்னிடம் நீட்டினாள். கட்டாரிலிருந்து என் மரணம் வந்துகொண்டிருந்தது. வாங்கப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தை போனை வாங்கினார்.

"நான் நல்லா இருக்கேன் ராசா. காரா? காரும் நல்லாத்தான் இருக்கு. பாதி ரோட்டுல இருக்கு, பாதிய மாரஸ்ஸனை கான்ல வச்சிருக்கோம்."

பழுது பார்க்க எனக்கு ஏழு மாதச் சம்பளம் போனது. நிமல் பாஸ் பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் பூட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தமிழ் போதாததால் அல்ல. மச்சான் லீவில் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மாவ கான்ல எறக்கினியே, பள்ளத்துக்குள்ள எறக்காம விட்டியே" என்றதோடு விட்டுவிட்டார். அக்கா மட்டும் அடுத்த மாதமே கார் ஓட்டப் பழக்கும் லேனர்ஸில் சேர்ந்து லைசன்ஸ் எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டுவது அக்காதான். நான் பின் சீட்.

அத்தைக்குக் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் காரில் ஏறுவதற்கு முன்னாலும், வலது காலைச் செருப்போடு காருக்கடியில் நுழைத்துப் பார்ப்பார். கால் போனால் ஏறுவார். போகாவிட்டால் யார் காராக இருந்தாலும் நடந்தே வருவேன் என்பார்.

என் கல்யாணத்தன்று பூ அலங்காரத்தோடு கார் வந்து நின்றது. பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அத்தை முன்னால் போய், எல்லோரும் பார்க்க, காலை நுழைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். என் மனைவியின் அம்மா பயபக்தியோடு, "இது என்ன சம்பிரதாயமுங்க?" என்று மாணிக்கம் மாமாவிடம் கேட்டார்.

"எங்க குடும்ப வழக்கம்" என்றார் மாமா. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

போன மாதம் தெல்தோட்டையில் என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறப் போகும்போது என் மாமியார் எல்லோரையும் நிறுத்தினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, மஞ்சள் பூசிய வலது காலைக் காருக்கடியில் நுழைத்தார். சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ஐயர்கூட ஒதுங்கி நின்று கைகூப்பினார்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.