சாபத்துக்கு எட்டுக் கால்

நகரத்தில் காய்ச்சல் பரவியது. அதைவிட வேகமாக இறகு ஐயாவின் புகழ் பரவியது.

காட்டுப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து மொட்டைமாடிகளில் கூடு கட்டிய வருடம் அது. பறவைகளின் சாபம்தான் காய்ச்சலாக இறங்குகிறது என்று ஐயா கண்டுபிடித்தார். எந்த ஆய்வுக்கூடத்தில் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் இடம் பிடிக்கவே நேரம் போதவில்லையே!

வைத்தியம் ஒரு வாடகை மண்டபத்தில். நோயாளியின் பின்கழுத்தை இறகால் வருடுவார். கண்ணை உருட்டுவார். விரல் நுனியில் கறுப்பாக ஒரு ‘சாப விதை’ வந்துவிடும்! வெள்ளைத் தட்டில் அது நகரும்போது கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

"ஏழு நாளைக்கு டாக்டர் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. மருந்து பட்டா சாபம் திரும்பிடும்!"

நாய்களைக் குளிப்பாட்டிப் பிழைக்கும் பெண் ஒருத்தி, நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்த அக்காவோடும் அத்தானோடும் அங்கே போனாள். அக்காவின் கழுத்திலிருந்து ஐயா எடுத்த விதை கிடந்த தட்டை எட்டிப் பார்த்தாள். தினமும் அவள் இடுக்கியால் பிடுங்கி எறிகிற சங்கதி!

"அத்தான், இது உண்ணி!"

"உனக்கு எதப் பார்த்தாலும் நாய் ஞாபகம்தான்."

"சாபத்துக்கு எட்டுக் கால் இருக்குமா? எண்ணிப் பாருங்க."

"வாய மூடு. ஐயா காதுல விழுந்துடப் போகுது."

மறுநாள் அக்கா பிதற்ற ஆரம்பித்தாள். தங்கை யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி, மிளகு மாதிரி உப்பிக் கிடந்தது.

"இந்த உண்ணி பறவைங்க உடம்புல ஒட்டிக்கிட்டு ஊருக்குள்ள வருதும்மா. கடிச்சா சில பேருக்கு இப்படிக் காய்ச்சல் வரும். நல்லவேளை, வந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

ஓடி வந்த அத்தான் தங்கையை ஓரமாக இழுத்தார். "சாபம் திரும்பிடுச்சுன்னா?"

"வாங்க, ஐயாவையே கேட்டுடலாம்" என்றாள் தங்கை.

துணிக்கடையில் ஒரு பொம்மையை இரவல் வாங்கினாள். போர்வையால் தலையோடு மூடி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஐயா, வாயே திறக்க மாட்டேங்குறா. சோறு தண்ணி கிடையாது."

அத்தனையும் உண்மை!

ஐயா போர்வைக்குள் கையை விட்டார். "அப்பப்பா! உடம்பு நெருப்பாக் கொதிக்குதே!" விதை ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றும் வந்தது. "கண்டம் தாண்டிட்டா. இனிமே பேசுவா பாரு!"

"பேசினா நாமதான் ஐயா ஓடணும்" என்று போர்வையை உருவினாள்.

வழுக்கைத் தலைப் பொம்மை பல்லைக் காட்டிச் சிரித்தது. மண்டபத்தில் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அத்தானுக்கு விக்கலே வந்துவிட்டது.

நழுவப் பார்த்த ஐயாவின் சட்டைக் கை பொம்மையின் விரலில் மாட்டிக் கிழிந்தது. உள்ளேயிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்து திறந்தது. உண்ணிகள் சிதறி ஓடின. மேசைமேல் முதலில் தாவியவர் ஐயாதான்.

"கழுத்துல ஏறிடுச்சு! யாராவது டாக்டரக் கூப்பிடுங்களேன்!"

உடம்பில் ஒட்டிய உண்ணியைப் பிடுங்க ஓர் இடுக்கி போதும், மக்களே. மூளையில் ஒட்டியதைப் பிடுங்க இடுக்கி கிடையாது. நீங்களேதான் யோசித்தாக வேண்டும்.