மரியாதை தெரிந்த நிரல்

மனித குலம் இதுவரை கண்ட மாபெரும் அறிவுச் சாதனை, ஒரு வேலையின் முதல் துண்டை மட்டும் முடித்துவிட்டு மீதியைத் தன்னைப் போன்ற இன்னொருவன் தலையில் கட்டுவதுதான். கணினிக்காரர்கள் இதற்கு 'ரிகர்ஷன்' என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிறார்கள். கசகஸ்தானின் அல்மாட்டி நகரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் எர்தென் இதைப் பல ஆண்டுகளாக நிரல் எழுதாமலேயே கடைப்பிடித்து வந்தார்.

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியானது. அது எர்தெனுக்கா, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் குல்ஷாத்துக்கா என்று முடிவு செய்ய, இயக்குநர் பைமுராத் 'முற்றிலும் பாரபட்சமற்ற' போட்டி ஒன்றை அறிவித்தார். இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடக்கும் எழுத்துகளை அகராதிச் சொற்களாகப் பிரிக்கும் நிரல் எழுத வேண்டும்.

எர்தென் எழுதியது கம்பீரமான நிரல். முன்னாலிருந்து ஒரு சொல்லை வெட்டும். மீதியைத் தன்னிடமே திரும்பக் கொடுத்து மறுபடி வெட்டும். இரண்டு சொற்கள் போட்டிக்கு வந்தால் நீளமானதற்கே முதல் உரிமை. கசாக் விருந்தில் ஆட்டுத்தலையை யார் முன்னால் வைக்கிறோம்? மூத்தவர் முன்னால்தானே!

சோதனைக்குத் 'தலைமைக்கூடு' வந்தது. நிரல் 'தலைமை'யைப் பணிவோடு வெட்டி வைத்துவிட்டு, மிச்சம் கிடந்த 'க்கூடு' என்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது. திரையில் 'விடை இல்லை' என்று வந்தது.

"தலை, மைக்கூடு. அவ்வளவுதான் அகா," என்றாள் குல்ஷாத், 'அகா' என்று அண்ணன் முறை வைத்து. "மிச்சம் சரிவரலேன்னா பெரிய சொல்லுகிட்டேருந்து திரும்ப வாங்கிச் சின்னதுக்குக் குடுங்க. ஒரே வரிதான்."

"திரும்ப வாங்குறதா? பெரியவர் முன்னால வெச்ச ஆட்டுத்தலைய எடுத்துட்டுப் போய்ச் சின்னவன் முன்னால வெப்பியா நீ?"

"அது சாப்பாடு அகா, இது புரோகிராம்!"

"அதுக்காக? புரோகிராம்னா மரியாதை இல்லாம வளக்கணுமா?"

குல்ஷாத்தின் நிரல் எல்லாச் சோதனையிலும் தேறியது. பைமுராத் இரண்டையும் நெடுநேரம் சீர்தூக்கிப் பார்த்தார்.

"குல்ஷாத்தோட விடை சரி. மறுக்கல. ஆனா எர்தெனோட தப்புல ஒரு பண்பாடு இருக்குப்பா!"

நாற்காலி எர்தெனுக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். குல்ஷாத்தும் தட்டினாள், அவரைப் பார்க்காமல். எர்தெனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. காது மடல்கூடச் சுட்டது. ஆனால் நாற்காலி வசதியாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் குல்ஷாத் அறைக்கு வந்தாள். "அந்த ஒரு வரியையாவது சேத்துக்கலாமா அகா? உங்க புரோகிராமை இப்படியே அனுப்பினா வாடிக்கையாளர் சிரிப்பாங்க."

தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எர்தெனுக்கு உண்டு. "தாராளமா சேத்துக்கோ தங்கச்சி. நீ சொன்னதுதான் சரி. நான்தான் முட்டாள்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சொன்ன கையோடு, தலைவர் என்ற முறையில் தம் முதல் சுற்றறிக்கையிலும் கையெழுத்திட்டார்: 'முதலில் கொடுத்தது சரிவராவிட்டால், அதைத் திரும்பப் பெற்றுத் தகுதியானதற்குக் கொடுக்கும் புதிய நடைமுறை உடனடியாக அமலுக்கு வருகிறது. இது சொற்களுக்கு மட்டுமே பொருந்தும், நாற்காலிகளுக்குப் பொருந்தாது.'